பழைய பேக்ஹோ குடிக்கிற ஆயில்: கட்டுப்படியாகும் வழி உண்டா?

குளம்வெட்டி, பகோ:

வணக்கம் அண்ணன்மாரே. நானும் மைத்துனரும் கூட்டாகப் போன தீபாவளிக்கு முந்தி ஒரு பழைய கோமாட்சு பிசி 200-6 பேக்ஹோ எடுத்தோம், சங்கிலியில் ஓடி மண் வெட்டுகிற வண்டி. ஜப்பானில் உழைத்து ஓய்ந்து, கப்பல் ஏறி ரங்கூன் வந்து, இங்கே பர்மாவிலும் இரண்டு கை மாறி எங்கள் தலையில் விழுந்த வண்டி. மீட்டர் 8,900 மணி நேரம் காட்டுகிறது. சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே வந்திருப்பதையும் பெடல் ரப்பர் தேய்ந்து தகரம் தெரிவதையும் பார்த்தால் அந்த மீட்டரை நான் நம்பத் தயாரில்லை. வேலை பெரும்பாலும் மீன்குளம் வெட்டுவது, கரை கட்டுவது, நடுவில் வாய்க்கால் தூர் எடுப்பது. மழைக்கு முன்னால் நாலைந்து மாதம் ஒழுங்காக ஓடினால்தான் வருஷத்துக் கணக்கு நேராகும்.

நேராகவில்லை. காரணம் ஆயில். ஹைட்ராலிக் ஆயில் 18 லிட்டர் வாளி ஒன்று நாலு நாள்தான் வருகிறது. டாலர் 1,300 சொச்சம் கியாட்டில் இருந்த காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள், இப்போது ஒவ்வொரு வாளியையும் திறக்கும்போது வயிறு எரிகிறது. கம்பெனி ஆயில் தவிர எது ஊற்றினாலும் பம்பு போய்விடும் என்கிறார் உதிரிபாகம் விற்கிறவர். அவர் விற்பது கம்பெனி ஆயில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு கடைக்காரர் 68 நம்பர் போடு, நம் வெயிலுக்கு அதுதான் நிற்கும் என்கிறார். மூன்றாவது ஒருவர் காய்ச்சி வடித்த ஆயிலைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று மாதிரி கொடுத்தார், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நல்லெண்ணெய் மாதிரி பொன்னிறம். எங்கள் ஆப்பரேட்டர் பையனோ, என்ஜினில் மாற்றி எடுத்த பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றலாம், போன முதலாளி அப்படித்தான் ஓட்டினார் என்கிறான். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது.

ஆக, எதை ஊற்றலாம், எதோடு எதைக் கலக்கலாம், உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது என்ன செய்வது? ஃபைனல் டிரைவ் (சங்கிலியைச் சுற்றவைக்கும் கடைசிக் கியர்பெட்டி), ரேடியேட்டர் இவற்றுக்கும் மலிவான வழி இருந்தால் சொல்லுங்கள்.


முனி துணை, தன்லின்:

தம்பி, ஆயில் விலையை விடுங்கள். நாலு நாளில் 18 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு நாலரை லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு விழும் ஒழுகல் எட்டு மணி நேர வேலையில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டரைத் தின்னும், 20 சொட்டு ஒரு மில்லி என்று போட்டுப் பாருங்கள். அப்படியானால் உங்கள் வண்டியில் அந்த மாதிரி மூன்று ஒழுகல் இருக்கிறது. ஓட்டைக் குடத்துக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் மலிவு என்று கேட்கிறீர்கள்.


குளம்வெட்டி, பகோ:

மாமா, பூம் (தூக்குகிற பெரிய கை) சிலிண்டர் ஒன்றில் கசிவு இருப்பது தெரியும், ராடு எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் கீழே சொட்டுவது மாதிரி தெரியவில்லை. மற்ற ஹோஸ் எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது.


பழைய சயா, மோல்மீன்:

கீழே சொட்டவில்லை என்றால் எங்கே போகிறது என்று தேடுங்கள், ஆவியாகிற பொருள் இல்லை அது. நான் 30 வருஷமாக இந்த வண்டிகளோடு கிடக்கிறேன், ரப்பர் தோட்டத்து டோசர், கல்குவாரி பேக்ஹோ எல்லாம் பார்த்தாயிற்று. முதலில் பார்க்க வேண்டிய இடம் சென்டர் ஜாயின்ட். மேல் உடம்பும் கீழ்ச் சட்டமும் சேரும் இடத்தில், நடு மையத்தில், வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டாருக்கு ஆயில் கொண்டுபோகிற சுழலும் உருளை. அதன் சீல் தேய்ந்தால் ஆயில் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கிச் சேற்றோடு சேற்றாகிவிடும், மேலே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வண்டியைக் காய்ந்த மேட்டில் நிறுத்தி, நடுச் சட்டத்தில் அப்பியிருக்கும் மண்ணைக் கம்பியால் சுரண்டிப் பாருங்கள். மண் கருப்பாக, பிசுபிசுவென்று அல்வா மாதிரி வந்தால் அதுதான். சீல் கிட் விலை இரண்டு மூன்று வாளி ஆயிலுக்குள் முடிந்துவிடும், வேலைதான் ஒரு நாள் இழுக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 46, 68 என்பது தரமும் இல்லை, விலை வரிசையும் இல்லை. 40 டிகிரி சூட்டில் அந்த ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் அளவு, அவ்வளவுதான். விஜி 46 என்றால் 46 சென்டிஸ்டோக், பத்து சதவீதம் முன்னே பின்னே, அதாவது 41.4-லிருந்து 50.6 வரை. எந்தக் கம்பெனி டிரம்மாக இருந்தாலும் இந்த வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். டிரம்மில் ஏடபிள்யூ 46 என்று இருக்கலாம், எச்எம் 46 என்று இருக்கலாம், எச்எல்பி 46 என்று இருக்கலாம், எல்லாம் ஒரே குடும்பம்: தேய்மானத்தைத் தடுக்கும் மருந்து போட்ட ஹைட்ராலிக் ஆயில். கடைக்காரரிடம் தரவுத்தாள் கேளுங்கள், அதில் டின் (DIN) 51524 பகுதி 2 என்ற ஜெர்மன் தர எண் வரி இருந்தால் நான் அட்டையில் உள்ள படத்தைப் பார்ப்பதில்லை. இங்கேதான் பணம் மிஞ்சுகிறது. கோமாட்சுப் பெயர் அச்சடித்த வாளிக்கும், இந்த வரி உள்ள இரண்டாம் நிலைப் பெயர் டிரம்முக்கும் லிட்டர் விலையைப் போட்டுப் பாருங்கள், நீங்களே சிரிப்பீர்கள்.

அந்தப் பையன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. கோமாட்சு அந்தக் காலத்துப் புத்தகத்தில் ஹைட்ராலிக் டேங்குக்கு 10டபிள்யூ என்ஜின் ஆயில் என்றே போட்டிருப்பார்கள். 10டபிள்யூ கெட்டித்தன்மையில் விஜி 46-க்குக் கொஞ்சம் கீழே உட்காரும். பின்னால் வந்த புத்தகங்களில் எச்ஓ 46-எச்எம் என்று ஹைட்ராலிக் ஆயிலும் சேர்ந்தது. ஆகப் புது என்ஜின் ஆயில் ஊற்றுவது பாவம் இல்லை. ஆனால் என்ஜினிலிருந்து வடித்த ஆயில் வேறு ஜாதி: கரி இருக்கிறது, டீசல் கலந்திருக்கிறது, அமிலம் ஏறியிருக்கிறது, பேரிங் தேய்ந்த உலோகத் தூள் மிதக்கிறது. பிஸ்டன் பம்புக்குள் இடைவெளி சில மைக்ரான், நம் தலைமுடி 70 மைக்ரான் பருமன். லுங்கித் துணி பிடிக்கிற தூசு அந்தப் பம்புக்குப் பாறாங்கல். அதோடு துணி நாரும் உள்ளே போகும், அதற்கு வேறு தனிச் செலவு.

இன்னொன்று, நீங்கள் குளத்து வேலை செய்கிறவர் என்பதால் சொல்கிறேன், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். என்ஜின் ஆயிலில் அழுக்கைக் கரைத்து மிதக்க வைக்கும் மருந்து இருக்கும். அது தண்ணீரையும் அப்படியே பிடித்துக்கொண்டு மோர் மாதிரி ஆக்கிவிடும், விடாது. எச்எம் ஹைட்ராலிக் ஆயில் தண்ணீரைக் கைவிட்டுவிடும், ராத்திரி வண்டி நின்றால் தண்ணீர் டேங்க் அடியில் இறங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அடி பிளக்கை லேசாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும், ஆயில் வரத் தொடங்கியதும் இறுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. தண்ணீரில் நிற்கிற வண்டிக்கு நான் 10டபிள்யூ போட விடுவதில்லை.

கலப்பது பற்றி: எச்எம் 46 ஒன்றோடு இன்னொரு எச்எம் 46 அவசரத்துக்குக் கலக்கலாம், வண்டி செத்துவிடாது. ஆனால் துத்தநாக மருந்து போட்டதையும் துத்தநாகம் இல்லாததையும் கலக்காதீர்கள், படிவு கட்டி ஃபில்டர் அடைக்கும். ஹிட்டாச்சிக்காரர்கள் துத்தநாகம் இல்லாத 46 கேட்பதால் சொல்கிறேன், யாராவது மிச்ச ஹிட்டாச்சி ஆயில் மலிவாகத் தருகிறேன் என்றால் யோசியுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது ஒரே வழி மாற்றுவது. அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. டேங்கை வடித்தால் எல்லாம் போய்விட்டது என்று நினைப்பீர்கள். இந்த அளவு வண்டியில் மொத்த ஆயில் 240 லிட்டருக்குப் பக்கம், டேங்கில் வடிவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மிச்சம் சிலிண்டர்களிலும் ஹோஸ்களிலும் உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை மாற்றினால் பழையது பத்தில் நாலு பங்கு உள்ளேயே இருக்கிறது. இரண்டு தடவை மாற்றினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. முதல் தடவைக்கு மலிவான எச்எம் 46 ஊற்றி, ஃபில்டர் புதிதாகப் போட்டு, ஒரு வாரம் லேசான வேலை ஓட்டி, மறுபடி வடியுங்கள். அந்த வடிகழிவை அசையாமல் வைத்துத் தண்ணீர் இறக்கி, கிரேன் பூலி, சங்கிலி என்று எங்காவது ஓட்டலாம், வீணில்லை.


ரோடு ரோலர், மாண்டலே:

சயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் 68 விஷயத்தில் நான் கடைக்காரர் பக்கம். பகோவும் மோல்மீனும் ஒரு மாதிரி, எங்கள் பக்கம் வேறு. மகுவே பக்கம் ரோடு வேலையில் இருந்தேன், 2024 ஏப்ரல் 28-ஆம் தேதி அங்கே சவுக் என்ற ஊரில் 48.2 டிகிரி வெயில். அந்த வாரம் மதியம் பேக்ஹோ பூம் தூக்கவே சோம்பல்படும், டேங்கைத் தொட்டால் கை பொசுங்கும். ஆயில் 100 டிகிரியைத் தொட்டால் 46 நம்பர் ஆயில் 6.8 சென்டிஸ்டோக்குக்கு இளகிவிடும், தண்ணீர் மாதிரி. 68 அதே சூட்டில் 8.7 பக்கம் நிற்கும். பம்பு பழசு, உள்ளே தேய்மானம் அதிகம் என்றால் கெட்டி ஆயில் உள்கசிவைக் குறைக்கும், வண்டிக்குக் கொஞ்சம் தெம்பு வரும். நாங்கள் 68-க்கு மாறிய பிறகு மதிய வேலை ஓடியது.

ஆனால் ஒரு நேர்மையும் வேண்டும்: 68 போட்ட பிறகுதான் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றிப் பார்த்தோம், தும்பும் புழுதியும் போர்வை மாதிரி அடைத்திருந்தது. அதைக் கழுவியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.


பழைய சயா, மோல்மீன்:

அதைத்தான் தம்பி சொல்ல வந்தேன். ஆயில் சூடு 80-ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும், எந்த நம்பராக இருந்தாலும். 68 ஊற்றுவது காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவது மாதிரி சில வண்டிகளில். பகோவில் மார்கழி, தை காலையில் 68 கெட்டியாக இருக்கும், பம்பு உறிஞ்சத் திணறிச் சத்தம் போடும், அந்தச் சத்தம் பம்பு தன்னைத்தானே அரிக்கிற சத்தம். குளத்து வேலைக்கு 46 போதும். மகுவேக்கு நீங்கள் செய்தது சரிதான்.


தோட்டத்து மருமகன், தட்டோன்:

காய்ச்சி வடித்த ஆயில் பற்றி யாரும் எழுதவில்லை, பட்டவன் நான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தி பாதி விலைக்கு ஒரு டிரம் எடுத்தேன். பொன்னிறம்தான், நீங்கள் சொன்ன அதே பொன்னிறம். நிறத்தைப் பார்த்து ஆயில் வாங்குகிறவன் முகத்தைப் பார்த்துப் பெண் கட்டுகிறவன் மாதிரி. அமிலம் போட்டு, களிமண் போட்டு வடித்தால் எந்தக் கழிவும் பொன்னிறமாகிவிடும், அதில் இருந்த தேய்மான மருந்து திரும்ப வராது. முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் பூம் தூக்கும்போது ஒரு முனகல். மூன்றாம் மாதம் ரிட்டன் ஃபில்டரை எடுத்துக் கத்தியால் கிழித்து மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் பிடித்தேன், தங்க ஜரிகை மாதிரி மினுக்கியது. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. ஒட்டாத மினுக்கு என்றால் பித்தளை, வெண்கலம், பம்பு பிஸ்டன் காலணி தேய்கிறது என்று அர்த்தம். பம்புக்குக் கொடுத்த பணத்தில் நல்ல ஆயில் ஏழெட்டு டிரம் வாங்கியிருக்கலாம். என் மாமனார் இன்றைக்கும் தைப்பூசத்துக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் அந்தக் கதையை எடுப்பார்.

முறையாகச் சுத்திகரித்து, மருந்து மறுபடி சேர்த்து, பரிசோதனைத் தாளோடு விற்கிற மறுசுத்திகரிப்பு ஆயில் உலகத்தில் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. பரிசோதனைத் தாள் இல்லாமல் வாய் வார்த்தையில் விற்பதைத்தான் சொல்கிறேன்.

கையில் மாதிரி இருக்கிறது என்றீர்களே, வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம். இரும்புத் தோசைக்கல்லைச் சூடாக்குங்கள், தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடுகிற சூடு. அதில் இந்த ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். சத்தமில்லாமல் பரவிப் புகைந்தால் தண்ணீர் இல்லை, சடசடவென்று கடுகு மாதிரி பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. வீட்டம்மாவின் தோசைக்கல்லை எடுக்காதீர்கள், அது வேறு பிரச்சினை. அடுத்து, ஒரே அளவு இரண்டு கண்ணாடிச் சீசா, ஒன்றில் நம்பிக்கையான 46, இன்னொன்றில் மாதிரி, இரண்டிலும் மேலே ஒரே அளவு காற்று விட்டு மூடி, ஒன்றாகக் கவிழ்த்துக் குமிழ் மேலே ஏறுவதைப் பாருங்கள். மாதிரியில் குமிழ் ஓடினால் அது இளகின ஆயில், டீசலோ மண்ணெண்ணெயோ கலந்திருக்கலாம். மூன்றாவது, காப்பி ஃபில்டர் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். நடுவில் கரும்புள்ளியும் சுற்றி வளையமும் விழுந்தால் உள்ளே கரி இருக்கிறது. இந்த மூன்றிலும் தேறினாலும் தேய்மான மருந்து இருக்கிறதா என்பது தெரியாது. அதனால்தான் நான் இனிமேல் பம்பு உள்ள எந்த டேங்குக்கும் அதை வாங்குவதில்லை.


டோசர் பாண்டி, மோல்மீன்:

மற்ற ஆயில்களுக்கு நான். ஃபைனல் டிரைவ் விஷயத்தில் உங்களுக்கு நல்ல சேதி: இந்த மாதிரிப் பழைய கோமாட்சுவில் புத்தகத்தில் இருப்பது 30 நம்பர் என்ஜின் ஆயில்தான், சிடி தரம். கடையில் இருக்கிற என்ஜின் ஆயிலில் மலிவானது அதுவாகத்தான் இருக்கும். ஹிட்டாச்சிக்கு 90 நம்பர் கியர் ஆயில். பிளேட்டைப் பார்த்து ஊற்றுங்கள். கசிகிறது என்று சிலர் கிரீஸை அடைத்து வைப்பார்கள், கசிவு நிற்கும், கியர் பல்லுக்குக் கிரீஸ் போய்ச் சேராது, ஒரு மழைக்காலம் தாண்டாது.

என்ஜினுக்கு 15டபிள்யூ-40, சிஎச்-4 அல்லது சிஐ-4. அதற்கு மேல் சிஜே-4, சிகே-4 என்று விலை கூடியது எதுவும் இந்த என்ஜினுக்கு வேண்டாம், அவையெல்லாம் புகைபோக்கியில் சல்லடை வைத்த புது என்ஜின்களுக்காக வந்தவை. நம் ஊர் டீசல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், சந்தேகம் இருந்தால் 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், 500 வரை இழுக்காதீர்கள்.

டோசர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: டிரான்ஸ்மிஷன் ஆயிலில் மட்டும் மலிவு தேடாதீர்கள். கேட்டர்பில்லர் டிஓ-4 என்று கேட்கிற இடத்தில் சாதா என்ஜின் ஆயில் ஊற்றினால் கிளட்ச் தகடு வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் கருகும், அப்புறம் ரங்கூனுக்குப் போன் போட வேண்டியதுதான். டிராக்டர்காரர்களுக்கும் ஒன்று. மஞ்சள் வாளியில் 303 என்று எழுதி வரும் டிராக்டர் ஆயிலைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அந்த 303 ஜான் டீயரின் 1960-கள் காலத்துத் தரம், ஆயிலில் மூழ்கியிருக்கும் ஈரப் பிரேக் சத்தம் போடாமல் இருக்கத் திமிங்கில எண்ணெய் சேர்த்தது. திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்ததும் அந்தத் தரமே செத்துவிட்டது. இப்போது அந்த எண்ணைப் போட்டு எதை அடைத்து விற்றாலும் கேட்க ஆளில்லை.

ஜேசிபி வைத்திருப்பவர்கள் பிரேக் டேங்கில் டாட் 3, டாட் 4 ஊற்றவே கூடாது. அதற்கு மினரல் ஆயில்தான். கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் பன் மாதிரி ஆகிவிடும். பக்கத்து ஊரில் ஒரு பையன் ஊற்றினான், மலிவு என்று இல்லை, கையில் அதுதான் இருந்தது என்று.

ரேடியேட்டருக்கு நம் ஊரில் உறைந்துபோகிற பயம் இல்லை, அதனால் வெறும் தண்ணீர் போதும் என்பார்கள். போதாது. துரு தடுக்கிற மருந்துக்காகத்தான் கூலன்ட். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் உள்ளே கெட்டில் அடியில் படிகிற மாதிரி படிந்துவிடும். மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், முதல் மழையை விட்டுவிட்டு. காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒரே நல்ல ஆயில் அதுதான், ஆயில் இல்லை என்றாலும்.


முனி துணை, தன்லின்:

மழைக்காலம் என்றதும் ஒன்று. டிரம் வாங்கினால் வாளியைவிட லிட்டர் விலை குறைவு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பீப்பாய் எடுங்கள். பர்மாக்காரனும் பீப்பா என்றுதான் சொல்கிறான், நாமும் பீப்பாய், கடையில் மொழிச் சிக்கலே இல்லை. என்ஜின் ஆயிலுக்கு பர்மாக்காரன் சொல்கிற என்ஜின் வைன் என்ற பெயரைக் கேட்டுத்தான் என் தாத்தா காலத்தில் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் முழிப்பார்களாம்.

ஆனால் பீப்பாயை வெளியே நிமிர்த்தி வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் மூடிமேல் தேங்கும், பகலில் பீப்பாய் சூடாகி மூச்சு விடும், ராத்திரி குளிர்ந்து உள்ளிழுக்கும், திருகு மூடி வழியாகத் தேங்கின தண்ணீரையும் சேர்த்து. சீல் உடையாத பீப்பாயில் தண்ணீர் எப்படி வந்தது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவன் நான். படுக்கவைத்து, இரண்டு மூடியும் கடிகாரத்தில் மூணும் ஒன்பதும் மாதிரி பக்கவாட்டில் வருகிறபடி வையுங்கள், ஆயில் உள்ளிருந்து மூடியை நனைத்துக்கொண்டே இருக்கும்.


குளம்வெட்டி, பகோ:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், சிங்யான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறைக்குள் ஒரு குளம் முடிக்க வேண்டியிருந்தது.

சயா சொன்ன இடமேதான். நடுச் சட்டத்தைச் சுரண்டினோம், கருப்பு அல்வா, இரண்டு மண்வெட்டி நிறைய. பையன் அதைப் பார்த்து, இது அங்கே எப்போதும் இருப்பதுதான் அண்ணே என்றான். சென்டர் ஜாயின்ட் சீல் கிட் வாங்கிப் போட்டோம், பழைய சீல் கையில் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. பூம் சிலிண்டரையும் கழற்றினோம், ராடின் குரோமில் நகம் மாட்டுகிற அளவு ஒரு கீறல், அதனால் சீல் மட்டும் மாற்றிவிட்டு நுண்ணிய கல்லால் விளிம்பைத் தடவிவிட்டோம். குரோம் ஏற்றுவது அடுத்த வருஷம். நாலு நாளைக்கு ஒரு வாளி என்ற நிலை மாறி, இப்போது பதினெட்டு நாள் ஆகியும் முதல் வாளியே முடியவில்லை.

டேங்க் அடி பிளக்கைக் காலையில் திறந்தேன். முதல் நாள் வந்த தண்ணீரைப் பால் டப்பாவில் பிடித்தேன், இரண்டு டப்பா நிறைந்து மூன்றாவதில் பாதி. அரிசி அளக்கிற டப்பாவில் பேக்ஹோ தண்ணீர் அளந்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், டப்பாவைத் திரும்பக் கொடுக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் டேங்க் மேல் காற்று போய்வருகிற பிரீதர் மூடியே இல்லை, அந்த ஓட்டையில் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பாண்டு போட்டிருக்கிறார்கள். போன முதலாளி கைங்கரியம்.

காய்ச்சின ஆயில் மாதிரியைத் தோசைக்கல்லில் விட்டேன். பழைய உடைந்த கல்தான், பயப்படாதீர்கள். கடுகு பொரிந்தது. அவரிடம் மாதிரிச் சீசாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், காரணம் சொல்லவில்லை, ஒரே ஊர்.

பக்கத்துக் குளத்துக்காரர் ஒருவரோடு சேர்ந்து டின் 51524 வரி உள்ள ஒரு 46 டிரம் எடுத்தோம். தாய்லாந்து எல்லையில் மியாவாடிப் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருப்பதால் அடுத்த தடவை இதே பெயர் கிடைக்குமா என்று தெரியாது, அதனால் தரவுத்தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வடிப்பு முடிந்தது, ஃபில்டரைக் கிழித்துப் பார்த்தேன், மினுக்கு கொஞ்சம் இருக்கிறது, காந்தத்தில் ஒட்டுகிறது. தட்டோன் அண்ணே, ஒட்டுகிற மினுக்கு என்றால் எங்கே தேடுவது?


தோட்டத்து மருமகன், தட்டோன்:

ஒட்டினால் எஃகு. சிலிண்டர் உள்சுவரோ, பம்பு பேரிங்கோ. கொஞ்சம் என்றால் எவ்வளவு, விரல் நுனியில் தேய்த்தால் மாவு மாதிரியா, நெருடுகிறதா? மாவு என்றால் இரண்டாவது வடிப்புக்குப் பிறகு மறுபடி கிழித்துப் பாருங்கள். நெருடினால் வண்டியை இன்றைக்கே நிறுத்துங்கள், படம் அனுப்புங்கள்.


குளம்வெட்டி, பகோ:

மாவுதான் அண்ணே. சனிக்கிழமை இரண்டாவது வடிப்பு, கிழித்துவிட்டு எழுதுகிறேன்.